அண்ணன் பிடித்த துண்டு

அம்மாவுக்குக் கடைசி மகன்தான் காரியம் செய்ய வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதனால் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் நான்தான் அஸ்தியைக் கரைத்தேன். வீட்டைப் பிரித்த தகராறில் வருடக்கணக்காக என்னோடு பேசாத அண்ணன், பின்னால் படியில் நின்றிருந்தார். கலயம் கையை விட்டுப் போனதும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சின்னப் பிள்ளைபோல் அழுதுவிட்டேன்.

மறுநாள் அந்த அழுகை இன்ஸ்டாகிராமில் இருந்தது. யாரோ ஒரு பெண் படமெடுத்து, ‘காவிரியில் ஒரு காலை’ என்று போட்டிருந்தாள். கீழே வரிசையாக லைக்குகள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. திட்டித் தீர்க்கத்தான் போனை எடுத்தேன். ஆனால், “அது நான்தாங்க. எங்க அம்மா போயிட்டாங்க. படத்தை எடுத்துடுங்க” என்று மட்டும்தான் எழுத வந்தது.

உடனே நீக்கிவிட்டாள். “மன்னிச்சிடுங்க அண்ணா. முதல் படம் எடுத்ததுமே உங்க பின்னாடி நின்னவர் துண்டை விரிச்சு உங்களை மறைச்சுக்கிட்டே இருந்தார். அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். எல்லாப் படத்தையும் அழிச்சிடறேன்” என்று எழுதினாள்.

“இருங்க. அவர் இருக்கிற படத்தை மட்டும் எனக்கு அனுப்புங்க.”

அனுப்பினாள். அண்ணன் இரண்டு கையாலும் துண்டை விரித்துப் பிடித்திருந்தார். தன் கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்குக் கை மிச்சமில்லை.

அவருக்கு போன் செய்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

“அந்தப் படத்தை எடுத்துட்டாங்களாடா?”

“எடுத்துட்டாங்கண்ணே.”

அதன்பிறகும் இருவருமே போனை வைக்கவில்லை.

அண்ணன் படம் இப்போதும் என் போனில் இருக்கிறது. அதில் நான் தெரியவே மாட்டேன்.