ஸஹர் சாப்பிட்டு வந்தவர்

ஒருவரின் பரிசோதனை தள்ளிப்போக நான் காரணமாக இருந்தேன். அன்று அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை.

வயிற்றுக்குள் கெமரா விட்டுப் பார்க்கத் திகதி வாங்க, கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவரைச் சந்தித்தேன். மருதமுனை நெசவாளி, மெலிந்தவர். பக்கத்தில் இருப்பவரின் சாறன் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பார். இருவருக்கும் றமழானில் ஒரே நாள் காலை கிடைத்தது.

"ராச்சோத்துக்குப் புறகு ஒண்டும் தின்னப்படாதாம். ஸஹர் செய்யலாமா, சேர்?" என்று கேட்டார்.

"நோன்புதானே, விடியமுந்தி ஸஹர் சாப்பாட்ட முடிச்சிட்டு வாங்க," என்றேன், பழைய ஆசிரியத் தோரணையில்.

நோன்பில்லாத நான் வெறும் வயிற்றோடு போனதால் அன்று எனக்குப் பரிசோதனை நடந்தது; அவரைத் தாதி திருப்பி அனுப்பினார். வயிற்றில் சோறு இருந்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமாம்.

"ஆரு தின்னச் சொன்ன?" என்று கேட்டார் தாதி.

"நானாத்தான் திண்டன் மகள்," என்றார் தாதியிடம். நான் சுவரைப் பார்த்தேன். வயிற்றுவலியோடு அவர் இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சேர், அல்லாஹ்ட நாட்டம்," என்றார். மயக்க ஊசி போட்டுக்கொண்டவர் தனியே வீடு திரும்பக் கூடாது என்பதால், அடுத்த முறை நானே துணைக்குப் போனேன். வயிற்றில் புண்தான், மருந்துக் குளிசையில் ஆறிவிடும் என்றார்கள்.

திரும்பும்போது ஓட்டோவில், மயக்கம் முழுதாகத் தெளியாமல், என்னைத் திட்டத் தொடங்கினார். "படிச்ச மனுசனா நீ? நோவில நான் துடிச்ச துடி உனக்குத் தெரியுமா?"

"ஓம், பிழைதான்," என்றேன். வீடு வரும்வரை அவர் ஓயவில்லை.

மறுநாள் பார்க்கப் போனேன். அவருக்கு எதுவும் நினைவில்லை. "சேரைப் போல நல்ல மனுசன் கிடைக்காது," என்று தன் மகளிடம் சொன்னார். இரண்டில் எது அவருடைய மனம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆறுதல் தந்தது என்னவோ அந்தத் திட்டுத்தான்.