ஒரு பிடி பாசி

கடந்த மார்ச் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைக்கு என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது: “காலை 9.40. தெலுக் பங்லிமா காராங், தொழிற்சாலைக்குப் பின்னால் உள்ள குளம். கங்கோங் கீரை, இருபது கட்டு. முதல் ஓட்டம்: கீரையை விட்டுவிட்டுக் கயிற்றை வெட்டியது.”

வெட்டியது ஆளில்லாத ஒரு சிறிய படகு. முன்னால் ஒரு கை, கையின் நுனியில் கத்தி. மேலே ட்ரோன் பறந்து படம் எடுத்து எந்தக் கயிற்றில் விளைச்சல் இருக்கிறது என்று சொல்லும். படகு அங்கே போய் வெட்டி எடுத்து வரும். சபா மாநிலத்துக் கடலில் கயிறுகளில் கட்டிக் கடல்பாசி பயிரிடுகிறவர்களுக்காகச் செய்தது. அதைச் செய்த குழுவில் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கும் பெண்ணும் ஒருவர். பாம்பன் பக்கத்துக் கடலோர ஊர்க்காரர். வேலை விசாவில் வந்த பொறியாளர்.

அன்று நேரம் குறிக்க ஆள் வேண்டும் என்றார். “நீங்கதான் எப்பப் பாத்தாலும் எழுதிக்கிட்டே இருக்கீங்களே, கூடப் போங்க லா,” என்று மனைவி என்னைக் கிளப்பிவிட்டாள். குளம் இருக்கும் கிள்ளானைச் சுற்றி எங்கே தேடினாலும் பாசி கிடைக்காது என்பதால், தண்ணீரில் வளரும் கங்கோங் கீரையைக் கயிற்றில் கட்டிச் சோதிப்பது என்று குழு முடிவு செய்திருந்தது. கீரை வாங்கியதும் மனைவிதான். பாசாரில் கடைக்காரர், “என்ன ஆன்டி, வீட்ல ஆடு வளக்கிறீங்களா?” என்று கேட்டாராம்.

நான்காவது ஓட்டத்தில் படகு இருபது கட்டையும் சுத்தமாக வெட்டியது. நேரம் 11.25. குழுவில் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அந்தப் பெண் மட்டும் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் வழியில் கிள்ளானில் நெரிசல். வண்டி நின்றதும் பேசினார்.

“அங்கிள், கீரை மிதக்குது. தண்டுக்குள்ள காத்து இருக்கு. பாசி மிதக்காது, கயித்துக்குக் கீழ தொங்கும். நாங்க படகுக்குக் கீரை வெட்டத்தான் கத்துக்குடுத்திருக்கோம்.”

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவருடைய அக்கா கடலில் மூழ்கிப் பாறையிலிருந்து கையால் பாசி எடுப்பவர். அந்த வருமானத்தில்தான் தங்கையைப் படிக்க வைத்திருக்கிறார். தங்கை பத்து வயதில் விடுதிக்குப் போய்விட்டதால், பாசி தண்ணீருக்குள் எப்படி அசையும், இழுத்தால் எந்தப் பக்கம் சாயும் என்பது சரியாக நினைவில்லை. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஆனால் என்ன வேலை செய்கிறேன் என்பதையே அவர் அக்காவிடம் சொல்லியிருக்கவில்லை. கம்ப்யூட்டர் வேலை என்று இரண்டு வருடமாகச் சொல்லி வந்திருக்கிறார்.

“அவ கையால செய்யிறத நான் மெஷினுக்குச் சொல்லிக் குடுக்கிறேன்னு எப்படி அங்கிள் சொல்றது? அவ என்கிட்ட பேசாம இருந்துட்டான்னா?”

அடுத்த சனிக்கிழமை சபாவிலிருந்து ஆட்கள் பார்க்க வருவதாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு மாலை, எங்கள் சாப்பாட்டு மேசையில் போனை ஒரு மைலோ டின்னில் சாய்த்து வைத்து அக்காவை அழைத்தார். நாங்கள் எழுந்து போகப் பார்த்தோம். இருங்கள் என்று கையைக் காட்டினார். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். குளத்தில் எடுத்த படத்தையும் அனுப்பினார்.

அக்கா போனை முகத்துக்கு அருகே கொண்டுபோய் அந்தப் படத்தைப் பார்த்தார்.

“ஏண்டி, கீரைய வெட்டிட்டுப் பாசின்னா சொல்றீங்க?” என்றார். தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

பிறகு அக்கா ஒரு வாளித் தண்ணீரில் பழைய சேலைத் துண்டைத் தொங்கவிட்டுக் காட்டினார். நீரோட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பாசி சாயும். எதிர்ப்பக்கத்திலிருந்து போனால் கையிலிருந்து நழுவும் என்றார். முழுவதும் அறுக்கக் கூடாது, கட்டியிருக்கும் இடத்தை ஒட்டி ஒரு பிடி விட்டால்தான் மறுபடி வளரும், பாறையிலும் தாங்கள் அப்படித்தான் அடியை விடுகிறோம் என்றார். நான் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டேன்.

போனை வைக்கும் முன் அக்கா கேட்டார்: “இந்த மெஷினு நம்ம ஊருக்கும் வருமாடி?”

“தெரியலக்கா.”

“வந்தா நீயே கொண்டா. வேற எவனாவது கொண்டாந்தா எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டான்.”

அன்றிரவே மனைவி தன் இரண்டு பழைய பருத்திச் சேலைகளைப் பட்டை பட்டையாகக் கிழித்து வைத்தாள். அடுத்த சனிக்கிழமை குளத்தில் கீரை இல்லை. ஈரச் சேலைத் துண்டுகள் தொங்கின. முதல் இரண்டு ஓட்டங்களில் ட்ரோனின் கண்ணில் அவை படவேயில்லை. சபாக்காரர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது ஓட்டத்துக்கு முன் அந்தப் பெண் ட்ரோனைத் தாழ்வாகப் பறக்கவிட்டார். காற்றில் தண்ணீர் நகர்ந்து துணி சாய்ந்த பக்கமே படகையும் அனுப்பினார். படகு வெட்டியது. ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு பிடி துணி மிச்சம் இருந்தது. நான் அதை அளந்தேன்: நான்கு விரல் அகலத்துக்குச் சற்று அதிகம்.

மே மாதம் இரண்டு படகுகள் சபாவுக்குப் போயின. இப்போது அக்கா வாரம் ஒருமுறை அழைக்கும்போது நலம் விசாரித்த கையோடு, “ஒரு பிடி விடுறாங்களாடி?” என்று கேட்கிறார். “விடுறாங்கக்கா,” என்கிறார் தங்கை. ஆனால் படகில் பதிந்து வைத்திருக்கும் அந்த அளவைப் பண்ணைக்காரர்கள் விரும்பினால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். மாற்றினீர்களா என்று கேட்டு அவர்களுக்கு இரண்டு முறை எழுதினார். இதை எழுதும் நாள் வரை பதில் இல்லை. அந்த ஒரு பிடி அங்கே இன்னும் விடப்படுகிறதா என்பது உறுதிசெய்யப்படவில்லை.