அக்காவின் தீர்வைத் தள்ளுபடி மனு

நான் எழுதியவற்றில் அரசாங்கம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தது ஒன்றே ஒன்றுதான். அது என் அக்காவுக்காகத் தெலுங்கில் எழுதிக் கொடுத்த மனு. படித்துவிட்டு நிராகரித்தார்கள். பிற்காலத்தில் பத்திரிகை ஆசிரியர்கள் என் கதைகளைத் திருப்பி அனுப்பியபோதெல்லாம் எனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. அவர்கள் யாருடைய நிலத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஊர் சத்தியவேடு பக்கம். மானாவாரி வேர்க்கடலை பூமி. எல்லைத் தகராறு தீர்ந்து கோடு போட்டபோது, படுத்திருந்த பாயிலேயே சென்னை ராஜ்யத்திலிருந்து ஆந்திராவுக்குப் போய்ச் சேர்ந்தோம். பஸ் செலவுகூட ஆகவில்லை. திருவள்ளூருக்குப் போன காகிதங்கள் இனிமேல் சித்தூருக்குப் போகும், வேறு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தோம்.

அக்காவுக்கு ஒன்பது வயதில் ஒரு காய்ச்சல் வந்து பார்வை முழுக்கப் போய்விட்டது. பார்க்கிறவர்களுக்குக் கண் நன்றாக இருப்பதுபோலவே தெரியும். பெரிய, தெளிவான கண். நைனா சாவதற்கு முன் ஒன்றரை ஏக்கரை அவள் பெயருக்கு எழுதி வைத்தார். "எவன் கையிலயும் புட்ச்சிக் குடுக்க முடியல, மண்ணு கையிலயாவது குட்த்துட்டுப் போறேன்" என்றார். அந்த மண்தான் அவளுக்குச் சோறு போட்டது.

வசதியில்லாதவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் நிலத்தீர்வையைத் தள்ளிவிடலாம் என்று ஒரு விதி இருந்தது. பழைய ரெவின்யூ இன்ஸ்பெக்டருக்கு அக்காவைத் தெரியும். வருஷா வருஷம் அவரே எழுதித் தள்ளிவிடுவார். கோடு போட்டதும் அவர் அந்தப் பக்கம் போய்விட்டார். புது ஆபீசில், பழைய தள்ளுபடிக்குக் காகிதம் எங்கே என்றார்கள். எங்களிடம் இல்லை. விட்டுப்போன வருஷங்களுக்கும் சேர்த்துக் கட்டு, இல்லையென்றால் நிலம் ஏலத்துக்கு வரும் என்று நோட்டீஸ் வந்தது.

கடன் வாங்கிக் கட்டிவிடலாம் என்றாள் அம்மா. நான் அப்போது திருப்பதியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். அங்கே வாசகசாலையில் இருந்த புத்தகங்களையெல்லாம் படித்து முடித்திருந்தேன். அந்தத் திமிரில், "எதுக்கும்மா கடன்? சட்டம் நம்ம பக்கம் இருக்குது" என்றேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மனுவை எழுதினேன். 'இரு கண்களிலும் ஒளியின் சுவடுகூட இல்லாத, பிறர் கைப்பிடியின்றி ஓரடியும் எடுத்து வைக்க இயலாத அபலை' என்று ஒரு வாக்கியம் வந்து விழுந்தது. பிழை பார்த்துக் கொடுத்த தெலுங்கு வாத்தியார் மூக்கை உறிஞ்சினார். ஊருக்கு வந்து அக்காவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"யாருடா இது?"

"நீதான்க்கா."

"நானா? ஓரடி வெக்கமாட்டனா? அப்ப கடலைக் காட்டுல களை எட்த்துக்கினு இருக்கறது உன் மாமியாளா?"

"அப்டி எழுதினாத்தான் அவங்களுக்கு இரக்கம் வரும்."

"இரக்கம் வர்றதுக்கு என்னை நொண்டியாவும் ஆக்கிட்டியே. கண்ணுதானடா போச்சி!"

எங்கள் வீட்டுச் சங்கதி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அக்காவுக்குப் பதினேழு வயதானபோது அம்மா அவளைப் பழக்கினாள். அடுப்பங்கரை வாசற்படியிலிருந்து கூடத்து நாற்காலி வரை பதினோரு அடி. எட்டாவது அடியில் தூண். இடது பக்கம் ஒதுங்க வேண்டும். நாற்காலியில் இருப்பவரின் குரல் வரும் இடத்துக்கு இரண்டு சாண் கீழே காபி டம்ளரை நீட்ட வேண்டும். தலை குனிந்தே இருக்க வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். தப்பினால் முதுகில் அடி.

மூன்று குடும்பங்கள் வந்தன. ஒரு தடவைகூட ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பிறகு ஊரில் யாராவது அவர்கள் காதில் போட்டுவிடுவார்கள். கல்யாணப் பேச்சு நின்றது, பழக்கம் நிற்கவில்லை. வேற்று ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் அக்கா முகம் கழுவிப் பூ வைத்துக்கொண்டு பதினோரு அடி நடந்து காபி கொடுப்பாள். எங்களுக்கு அது குடும்ப கௌரவம்.

புது இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்த அன்று நான் லீவு போட்டு வந்திருந்தேன். நானே நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டேன். அவர் மனுவை மடியில் விரித்துப் படித்துவிட்டு, "சால பாக ராசாரு" என்றார். ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறேனாம். நான் மிதந்துகொண்டிருந்தேன். அடுப்பங்கரைப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது.

அக்கா வந்தாள். தூணருகே இடது பக்கம் ஒதுங்கினாள். இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். டம்ளர் நேராக அவர் கைக்குப் போயிற்று. திரும்பி உள்ளே போய், அப்படியே கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பெருமை. கதவோரம் நின்ற அம்மா முகத்திலும் அதேதான்.

இன்ஸ்பெக்டர் காபியைக் குடித்து முடித்தார். "சரி, அந்தக் கண்ணு தெரியாத அம்மாவைக் கூப்பிடுங்க."

"இப்ப வந்தாங்களே, அவங்கதாங்க."

என்னைப் பார்த்தார். 'ஓரடியும்' என்ற இடத்தில் விரலை வைத்தார். "ஏமய்யா, என்னைப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது?"

"சார், அது பழக்கம். பொண்ணு பாக்க வர்றவங்களுக்காக அம்மா சொல்லிக் குடுத்தது."

"ஓஹோ. கண்ணு தெரியாததை மறைக்கப் பழக்கினீங்க."

"ஆமாங்க."

"அது பொய்யா, இது பொய்யா?"

"சார், மறுபடியும் கூப்பிடறேன், நீங்களே பாருங்க."

"எதுக்கு? இப்ப தடுமாறிக்கினு வருவாங்க. தடுமாறச் சொல்லிக் குடுக்க எவ்வளவு நேரமாகும்?"

'துணையின்றி நடமாடுகிறார், பார்வைக் குறை காணப்படவில்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அக்கா கொல்லையிலிருந்து வந்தாள்.

"டம்ளர் சரியா கைக்குப் போச்சாடா?"

"போச்சிக்கா."

சித்தூரில் அப்பீல் செய்தோம். திருப்பதியில் பஸ் மாறி உட்கார்ந்ததும் அவள் காதில் மெதுவாகச் சொன்னேன், "அங்க ஆபீசர் முன்னாடி கொஞ்சம் தடுமாறுக்கா." புத்தலப்பட்டு தாண்டிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"வுழாம நடக்கறதுக்கு அம்மா கையில எத்தினி அடி வாங்கினேன். இப்ப நீ வுழச் சொல்றே."

"ஒரே ஒரு தபாக்கா."

"சரி. எந்தப் பக்கம் வுழணும், அத்த சொல்லு."

ஆபீசர் தலையைத் தூக்கவில்லை. இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட்டைப் படித்தார். "டாக்டர் சர்டிபிகேட் எங்கே?" என்றார். மனுவிலேயே விவரமாக எழுதியிருக்கிறேன் என்று பதில் சொன்னேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். பக்கத்தில் நின்ற குமாஸ்தா சிரித்துவிட்டார். சர்டிபிகேட் வாங்கி அடுத்த வருஷ மனுவோடு வையுங்கள் என்று காகிதக் கட்டை ஓரமாகத் தள்ளினார் ஆபீசர். அக்கா என் பக்கத்தில் விறைத்துப்போய் நின்றிருந்தாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"எப்படா வுழணும்?"

"வேணாம்க்கா. முடிஞ்சிபோச்சி."

அடுத்த வருஷம் வருவதற்குள் ஏலம் வந்துவிட்டது. அப்போது கடன் கேட்டு நாலு வீடு ஏறி இறங்கினேன், கொடுப்பாரில்லை. நிலத்தை எடுத்தவர் புத்தூர்க்காரர். களையெடுப்பு வந்த முதல் நாள் அக்கா வழக்கம்போல, கூலிக்காவது செய்யலாமென்று, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். கண் தெரியாதவளை வைத்து என்ன வேலை வாங்குவது என்று வரப்பிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு அவள் வீட்டை விட்டு இறங்கவில்லை. மாதம் ஒரு தடவை நான் போகும்போது, "காட்டாண்ட போய்ப் பாத்துட்டு வாடா" என்பாள். போய் வரப்பில் நின்றுவிட்டு வருவேன்.

"எப்டிக் கீது?"

"நல்லா வந்துக்கினு கீதுக்கா. பூ வெச்சிடுச்சி."

ஒவ்வொரு மாதமும் நன்றாக வருகிறது என்றுதான் சொன்னேன். அது உண்மையாகவும் இருந்தது. ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஒரு தபாவாச்சும் நல்லா வரலன்னு சொல்லேன்டா."

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்திருந்தது.