இலை கருகிப் பத்து நாள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் எல்லாரும் ஆர்லிஸ் வீட்டு வாசலைத்தான் பார்ப்போம். அவள் படிக்கட்டில் சாமந்தித் தொட்டி வந்தால் மற்ற வீடுகளிலும் வரும். அவள் கதவில் காய்ந்த கொடி வளையம் ஏறினால் மற்றக் கதவுகளிலும் ஏறும். மினசோட்டாவில் எங்கள் ஊர் சின்னது. அதற்கு ஒரு பள்ளிக்கூடம், இரண்டு தேவாலயம், ஒரு ஆர்லிஸ் போதும். நான் பெர்னீஸ். முப்பத்தோரு வருஷமாக அவளுக்குப் பக்கத்து வீடு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி கிடையாது, அதனாலேயே சண்டைக்கும் குறைவு கிடையாது.

அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். பதினொன்றரைக்குப் பிள்ளைகளின் தட்டில் சாப்பாடு இருக்க வேண்டும் என்றால் பதினொன்று இருபத்தொன்பதுக்கே இருக்கும். அந்தக் கண்டிப்பை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். பரங்கிக்காய் அக்டோபர் ஒன்றாம் தேதிக்கு முன் வாசலுக்கு வரக் கூடாது. அதைக் குடைந்து முகம் வெட்டுவது அக்டோபர் கடைசி நாளில் வரும் ஹாலோவீனுக்கு இரண்டு நாள் முன்புதான். அவசரப்பட்டு வெட்டினால் பண்டிகை அன்று வாய் உள்ளே போய், பல் விழுந்த கிழவன் மாதிரி உட்கார்ந்திருக்கும். துலிப் கிழங்கு அக்டோபர் நடுவில் மண்ணுக்குள் போய்விட வேண்டும். தூணில் கட்டிய மக்காச்சோளத் தட்டை மட்டும் நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் வரை நிற்கலாம்.

ஒரு வருஷம் ஆகஸ்ட் கடைசியிலேயே நான் ஹாலோவீனுக்கு வைக்கிற ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை வாசலில் உட்கார வைத்தேன். மறுநாள் காலை காபிக் கோப்பையோடு வந்து அதன் எதிரே நின்றாள்.

"என்ன பெர்னி, விருந்தாளியா?"

"கடையில பாதி விலைக்குக் குடுத்தான். வாங்கிட்டு வந்தேன்."

"பாவம்டி, இந்த வெயில்ல. உள்ள கூப்பிட்டு ஒரு வாய் தண்ணி குடு. அக்டோபர்ல வரச் சொல்லு."

எனக்குக் கோபம்தான். ஆனாலும் எலும்புக்கூட்டை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன்.

இந்தத் தேதிகளை எல்லாம் ஆர்லிஸ் போட்டாள் என்றுதான் ஊர் நினைத்தது. போட்டது அவள் மகள் கிர்ஸ்டன். பதினைந்து வயதில், மாவட்டக் கண்காட்சிக்காக, இலையுதிர்காலத்தில் வாசலிலும் தோட்டத்திலும் எந்த வேலையை எப்போது செய்வது என்று இரண்டு தாளில் எழுதினாள். நடுவர்கள் இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். முதல் பரிசு யாரோ ஒரு பையன் வளர்த்த முயலுக்குப் போனது. ஆர்லிஸ் அந்த முயலை இன்னும் மன்னிக்கவில்லை. அதே கோடையில் கிர்ஸ்டன் விதை போட்டு டேலியாச் செடிகளும் வளர்த்தாள். அதில் ஒன்று யாரும் பார்த்திராத விதமாகப் பூத்தது. கருஞ்சிவப்பு, ஓரத்தில் வெள்ளை, ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து. டேலியா விதை தாயைப் போல் வராது. அதே பூ மறுபடி வேண்டும் என்றால் அந்தச் செடியின் கிழங்கையே வருஷா வருஷம் தோண்டி எடுத்து, நிலவறையில் வைத்துக் குளிர்காலத்தைக் கடத்தி, வசந்தத்தில் திரும்ப நட வேண்டும்.

கிர்ஸ்டன் இருபது வயதில் ரத்தப் புற்றில் போய்விட்டாள். அவள் அப்பா வென்டெல் பால் லாரி ஓட்டியவர். ஏழு வருஷம் கழித்து ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. ஆர்லிஸுக்கு மிஞ்சியது அந்தச் செடிதான். ஆகஸ்டில் அதன் முதல் பூ விரியும் நாளில் யாரோடும் பேச மாட்டாள். தோட்டத்தில் நாற்காலியைப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்திருப்பாள். கிழங்கு பெருகினால் பிரித்து அதே பாத்தியில் நடுவாள், வெளியே ஒன்று போகாது. நான் ஒருமுறை வாய் விட்டுக் கேட்டேன்.

"எனக்கும் ஒண்ணு குடேன் ஆர்லிஸ். ரெண்டு இடத்துல இருந்தா நல்லதுதானே."

"அவ ஒரு வீட்டுலதானே பொறந்தா," என்றாள்.



அதைத் தோண்டுவதற்கும் கிர்ஸ்டன் கணக்கு எழுதியிருந்தாள். முதல் உறைபனி இலையைக் கருக்க வேண்டும். கருகிப் பத்து நாள் கழித்துத் தோண்ட வேண்டும். அந்தப் பத்து நாளில்தான் கிழங்கின் தோல் முற்றும். நல்ல கணக்குதான். அவள் எழுதிய காலத்தில் செப்டம்பர் கடைசியில் பனி விழும், அக்டோபர் பாதிக்குள் கிழங்கு வீட்டுக்குள் இருக்கும். இப்போது பனி தன் இஷ்டத்துக்கு வருகிறது. நாங்கள் எல்லாம் இலையைப் பார்ப்பதை விட்டு அக்டோபர் கடைசியில் தோண்டிவிடுகிறோம்.

போன வருஷம் அக்டோபர் முழுக்கப் பனியே இல்லை. ஹாலோவீன் அன்று பிள்ளைகள் ஸ்வெட்டர்கூடப் போடாமல் மிட்டாய் வாங்க வந்தார்கள். நவம்பர் ஆறாம் தேதி ஆர்லிஸின் டேலியா இன்னும் பச்சையாக நின்றது, இரண்டு பூவோடு. நான் போய்ச் சொன்னேன்.

"தோண்டிடு ஆர்லிஸ். அடுத்த வாரம் வடக்கேருந்து பெரிய குளிர் வருதாம். ரேடியோவுல சொல்றான்."

"இலை கருகலையே."

"கருகறப்போ மொத்தமா கருகிடும். நவம்பர் ஆயிடுச்சு."

"பச்சையா எடுத்தா கிழங்கு சுருங்கிடும். அவ எழுதியிருக்கா."

"எழுதினப்போ அவளுக்குப் பதினஞ்சு வயசு. இன்னிக்கு இருந்திருந்தா அவளே மாத்தி எழுதியிருப்பா."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. என் நாக்கு எப்போதும் எனக்கு முன்னாலேயே போய் நிற்கும். ஆர்லிஸ் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"என் செடியில யார் கை வெச்சாலும் அதோட பேச்சு முடிஞ்சுது. உனக்கும் சேத்துதான் சொல்றேன்."

பதினோராம் தேதி காலையில் மழை பெய்தது. சாயங்காலம் அதே மழை பனிக்கட்டியாக விழுந்தது. மறுநாள் விடிந்தபோது என் வாளித் தண்ணீர் அடிவரை இறுகியிருந்தது. ஆர்லிஸ் தன் சமையலறை ஜன்னலைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து நாளாகிவிட்டது.

"கருகிடுச்சு பெர்னி. பாரு, பாரு. இன்னிலேருந்து பத்து நாள்."

"பத்து நாளெல்லாம் தாங்காது. மண்ணு இறுகுது. கிழங்கு உறைஞ்சா அழுகிடும். இன்னிக்கே எடு."

அவள் பத்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். மதியம் ராச்செஸ்டரில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். தங்கைக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. இரண்டு நாளில் திரும்புவதாகச் சொல்லியிருந்தாள்.

அவள் கார் போனதும் நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவள் தோட்டத்துக்குப் போனேன். பாத்தி ஓரத்தில் குதிகாலால் ஒரு மிதி மிதித்தேன். மேலே இரண்டு விரல் கனத்துக்குத்தான் மண் இறுகியிருந்தது. அடியில் மெத்தென்று இருந்தது. ஒரு மணி நேர வேலை. எடுத்து என் நிலவறையில் வைத்திருக்கலாம். நின்றுகொண்டே இருந்தேன். அவள் மகளின் செடி, அவள் சொல்லாமல் தொடக் கூடாது என்று ஒரு மனம் சொன்னது. அது ஒன்றுதான் என்றால் இதை எழுதவே மாட்டேன். அவள் படட்டும், பட்டால்தான் நான் சொன்னது புரியும் என்று இன்னொரு மனமும் சொன்னது. திரும்பி வந்து மண்வெட்டியைத் துடைத்து வைத்தேன்.

குளிர் குறையவே இல்லை. பத்தாம் நாள், இருபத்திரண்டாம் தேதி, என் சமையலறையில் இருந்தபோது அவள் தோட்டத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. வென்டெலின் கடப்பாரையை எடுத்து ஆர்லிஸ் தரையைக் குத்திக்கொண்டிருந்தாள். அறுபத்தொன்பது வயது. நானும் போய்க் கை கொடுத்தேன். இரண்டு பேருமாகக் கல்லுக் கல்லாகப் பெயர்த்து, கிழங்கோடு இறுகிப்போன மண்கட்டிகளை அவள் நிலவறைக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தோம். அவள் கையெல்லாம் தோல் கிழிந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் போனேன். மண் இளகியிருந்தது. ஆர்லிஸ் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கிழங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் செய்தித்தாளில் வைத்துக்கொண்டிருந்தாள். அழுத்தின இடத்திலெல்லாம் பழுப்புத் தண்ணீர் கசிந்தது. உள்ளே சதை இல்லை, தோல் மட்டும்தான். பதினேழு கிழங்கு. கடைசிக் கிழங்கையும் அழுத்தினாள். அதுவும் அப்படியே.

"எல்லாம் போச்சு," என்றாள்.

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

"அவ சொன்ன மாதிரிதானே செஞ்சேன் பெர்னி. ஒரு நாள்கூட முந்தலையே."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேனே, அப்போ நீயாவது தோண்டியிருக்கக் கூடாதா?"

மண்வெட்டியோடு போய் நின்றதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

"தொட்டா பேச மாட்டேன்னு சொன்னியே," என்றேன்.

"பேசியிருக்க மாட்டேன்தான்," என்றாள் ஆர்லிஸ். "ஒரு வருஷம்கூடப் பேசாம இருந்திருப்பேன். ஆனா ஆகஸ்ட்ல பூத்திருக்கும்ல."