ஐ கம் அட் டென்

தில்லி அரசாங்க அலுவலகங்களில் நாற்காலிகளுக்குத்தான் அதிகம் குளிரும்போலிருக்கிறது. வந்ததும் அதன் முதுகில் கோட்டை மாட்டிவிட்டு ஆள் காணாமல் போய்விடுவார். கோட்டு இருந்தால் ஆளும் இருக்கிறார் என்று அர்த்தமாம். எழுபதுகளின் நடுவில் ஸ்டெனோவாக வந்த புதிதில் நான் ஒரு கோட்டுக்காக வெகுநேரம் காத்திருந்தேன். அதன் சொந்தக்காரர் குப்தா வெளியே புல்வெளியில் வெயில் காய்ந்தபடி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் முன்பு குப்பை கொட்டிய திருநெல்வேலி தாலுகா ஆபீசிலும் வேலை ஒன்றும் பிரமாதமாக நடந்துவிடவில்லை. ஆனால் அங்கே தூங்குகிறவன்கூட நாற்காலியில் உட்கார்ந்துதான் தூங்குவான். அந்த மரியாதைகூட இங்கே கிடையாது.

இந்த மகானுபாவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. அலுவலகங்களில் நேரம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வரப்போகிறார், குமாஸ்தாக்களோடு நேரிலேயே பேசுவார் என்று தகவல் வந்தது. எங்கள் குமாஸ்தாக்கள் பழைய கோப்பைப் பார்த்து ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். வாயைத் திறந்தால் ஒரு வாக்கியம் வராது. மதராசிக்கு ஆங்கிலம் தாய்ப்பாலோடு வருகிறது என்பது வடநாட்டு நம்பிக்கை. அதிகாரி மெஹ்ரா வகுப்பை என் தலையில் கட்டினார். நன்றாக முடிந்தால், சென்னைக்கு மாற்றல் கேட்டிருந்த என் விண்ணப்பத்தைச் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். அதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன். மனைவி சென்னையில் பள்ளி ஆசிரியை. நான் கோல் மார்க்கெட்டில் ஒற்றை அறையில். வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போனால், யாரோ வந்திருக்கிறார் என்று என் பெண் உள்ளே ஓடிப்போய்ச் சொல்வாள். எனக்கு அது தாங்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு. “ஐ கம் அட் டென். ஐ ஒர்க் டில் ஒன்” என்று நான் சொல்ல, எல்லோரும் கோரஸாகத் திருப்பிச் சொன்னார்கள். குப்தா மட்டும் வாயைத் திறக்கவில்லை.

“ஜூட் தோ ஹிந்தி மே போல் லேதே ஹைன், மாஸ்டர்ஜி” என்றார். பொய் சொல்ல அவருக்கு இந்தி போதுமாம். ஆங்கிலத்தில் உள்ளதைச் சொன்னால் போதுமாம். பதினொன்றுக்கு வருகிற மனிதருக்கு எவ்வளவு மனசாட்சி பாருங்கள்! அவர் கேட்ட வாக்கியங்களைச் சொல்லிக்கொடுத்துத் தொலைத்தேன். வெள்ளைக்காரர் வரும் அன்று லீவு போட்டுவிடும்படி கெஞ்சினேன். அன்று பார்த்து மனிதர் பத்து மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

வெள்ளைக்காரர் நாலைந்து ‘ஐ கம் அட் டென்’களைக் கேட்டுக் கொட்டாவி விட்டபின் குப்தாவிடம் வந்தார். “ஐ கம் அட் இலெவன்” என்று எழுந்து நின்றார் குப்தா. “மை கோட் சிட். ஐ கோ சன். ஐ ஈட் பீநட்.” மெஹ்ராவின் முகம் வெளுத்தது. என் மாற்றல் அவ்வளவுதான் என்று நினைத்தேன். வெள்ளைக்காரரோ விழுந்து விழுந்து சிரித்தார். மற்ற இடங்களில் கிளிப்பிள்ளைபோல ஒப்பிக்கிறார்கள், இங்கேதான் ஆங்கிலத்தில் வேடிக்கையாகப் பேச ஓர் ஆள் இருக்கிறார் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உள்ளதைச் சொன்னால் நகைச்சுவை என்று எடுத்துக்கொள்ளும் அந்த நிபுணருக்கும் ஒரு கும்பிடு.

மறுநாள் மெஹ்ரா என் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார். இவ்வளவு உபயோகமான ஆளை எப்படி விடுவது என்றார். நான் என் இடத்துக்கு வருவதற்குள் குப்தாவும் கூட்டமும் லட்டுப் பெட்டியோடு நின்றார்கள். “முபாரக் ஹோ மாஸ்டர்ஜி, ஆப் யஹீன் ரஹேங்கே!” நான் இங்கேயே இருக்கப்போவதற்கு வாழ்த்து!

எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஏசினேன். தில்லி பஸ்களில் நான் காதைப் பொத்திக்கொண்ட வசவுகள் எல்லாம் ஒன்று பாக்கியில்லாமல் சரளமான இந்தியில் கொட்டின. அவர்கள் திகைத்தார்கள். பிறகு கை தட்டினார்கள். “அப் ஹுவே நா தில்லிவாலே!” என்று குப்தா கட்டிக்கொண்டார். இப்போதுதான் நான் தில்லிக்காரன் ஆனேனாம்.

சாயங்காலம் தபால் ஆபீசிலிருந்து மனைவிக்கு டிரங்க் கால் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

“அவங்கள சும்மாவா விட்டீங்க?”

“நல்லா ஏசிட்டேன்.”

“என்னன்னு ஏசுனீங்க?”

சொன்னேன்.

“ஒண்ணும் வெளங்கலையே. தமிழ்ல சொல்லுங்க.”

தமிழில் சொன்னேன்.

“இவ்வளவுதானா?” என்றாள்.

பின்னால் போனுக்குக் காத்திருந்தவன் சீக்கிரம் முடிக்கச் சொல்லித் தோளைத் தட்டி, “ஜல்தி கரோ, பையா” என்றான். அவனுக்குப் பதில் சொல்ல மட்டும் எனக்கு வார்த்தை தயாராக இருந்தது.