மூன்றாம் பிளாக்கின் மாடிப்படி

மரியம்மாள் கடவுளிடம் பெரிதாக ஒன்றும் கேட்டதில்லை. செவ்வாயும் வெள்ளியும் புருஷனை மாடிப்படி வழியாக இறக்கி, திரும்ப ஏற்ற வழி கிடைத்தால் போதும். அந்த வழியிலும் ஒருத்தன் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மனுஷிக்குக் கோபம் வருமா, வராதா?

ராதாபுரம் பக்கத்துக் கடற்கரைக்காரி அவள். புருஷன் பர்னபாஸ் வல்லத்தில் கடலுக்கு மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர். இரண்டு கிட்னியும் போனபிறகு, டயாலிசிஸுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று பாளையங்கோட்டைக்கு வந்து, மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுத்துப் பிழைத்தாள். வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. குலுக்கலில் விழுந்தது இரண்டாம் மாடி. லிஃப்ட் கிடையாது. நடக்க முடியாத மனுஷனுக்கு இரண்டாம் மாடி என்றால் அது வீடா, ஜெயிலா?

ஆனால் மரியம்மாள் உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கி, வல்லம் இழுக்கிற கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டினாள். கயிற்றின் மறுநுனி அவள் இடுப்பில். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் ஃபர்ஹத் முன்னால் பிடித்து இறங்குவார், இவள் பின்னால் தாங்குவாள், அவர் பெண்சாதி தஸ்மியா பையைத் தூக்கிக்கொண்டு வருவாள். கீழே ஆட்டோ நிற்கும்.

மேல்மாடிக் கார்த்திகேசன் வரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆற்றில் திருட்டு மணல் அள்ளுகிறவர்களுக்கு அடியாள் வேலை பார்க்கிறவன் அவன். வேலை இல்லாத நேரமெல்லாம் கூட்டாளிகளோடு மாடிப்படியில் குடி. பாட்டிலைப் படியிலேயே உடைப்பான். தண்ணீர்க் குழாயைப் பிடுங்கி எறிவான். தட்டிக் கேட்ட ஒரு கிழவரை மொட்டைமாடிச் சுவரில் சாய்த்துக் கழுத்தை நெரித்தான். அவர் வீட்டையே பூட்டிவிட்டு மகள் ஊருக்குப் போய்விட்டார்.

"தம்பி, காலக் கொஞ்சம் மடக்கிக்க. ஆளு கெறங்கிப் போய் இருக்காரு," என்று நாற்காலியைப் பிடித்தபடி ஒவ்வொரு தடவையும் கெஞ்சுவாள்.

"தாண்டிப் போயேன். நான் என்ன மலையா?" என்பான். கூட்டாளிகள் சிரிப்பார்கள். அந்தக் காலை ஒருநாளும் மடக்கியதில்லை.

இங்கேதான் மரியம்மாள் ஒரு தப்புக் கணக்குப் போட்டாள். அவள் ஊரில் ஒரு வம்பு என்றால் கோயில் மணி அடிக்கும். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து நிற்க வேண்டும், வராவிட்டால் அபராதம். போலீசுக்குப் போகிறவனை ஊரே கேவலமாகப் பார்க்கும். பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம் அதுதானே. எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பூசை கண்டுவிட்டு வந்த கையோடு, முற்றத்தின் நடுவில் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்தாள். ஊர் கூடும், அவனை நடுவில் நிறுத்திக் கேட்போம் என்று நினைப்பு.

எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து சேர்ந்த ஜனம் அது. தட்டுச் சத்தம் கேட்டதும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. மேலே கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தவன் கார்த்திகேசன் ஒருவன்தான்.

"மீன்காரி பஞ்சாயத்து வைக்காளாம்லே," என்றான் கூட்டாளிகளிடம்.

அடுத்து வாரிய அலுவலகத்துக்குப் போனாள். பக்கத்துவீட்டுச் சண்டைக்கெல்லாம் இங்கே வராதே என்றார்கள். நூறுக்குப் போன் போட்டாள். இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். வந்தவர்கள் செய்த முதல் காரியம், முற்றத்தில் நின்று எல்லார் காதிலும் விழும்படி, "இங்க மரியம்மாள் யாரு? நீதான போன் போட்டது?" என்று கேட்டதுதான். நல்ல காரியம் போங்கள். கார்த்திகேசன் கையைக் கட்டிக்கொண்டு பதிவிசாக நின்றான். குடும்பம் இருக்கிற இடம், பார்த்து நடந்துகொள் என்று அவனுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள்.

பைக் சத்தம் தேய்வதற்குள் அவள் கதவு உடைந்தது. உள்ளே வந்த கார்த்திகேசன் மீன் கூடையை எட்டி உதைத்தான். அவள் தலைமயிரைப் பிடித்து நிலைப்படியில் முகத்தை மோதினான். கட்டிலில் கிடந்த பர்னபாஸ் எழுந்திருக்கப் பார்த்துத் தரையில் விழுந்தார். தவழ்ந்து வந்து அவன் காலைப் பிடித்த மனுஷனை, வலையில் சிக்கிய பாசியை உதறுகிற மாதிரி உதறினான். மரியம்மாள் வாயைத் துடைத்தபோது முன்பல் ஒன்று கையோடு வந்தது.

பல்லை முந்தானையில் முடிந்துகொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். சமாதானமாகப் போங்களேன் என்றார் அதிகாரி. முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

"இதோட சமாதானம் பேசுங்கய்யா, நான் கேட்டுக்கிடுதேன்."

கேஸ் எழுதினார்கள். தேடிப் போன அன்று கார்த்திகேசன் ஓடி ஒளிந்துகொண்டான்.

ஸ்டேஷன் அலைச்சலில் வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் தவறிப்போனது. செவ்வாய்க்கிழமை விடிந்தபோது பர்னபாஸின் முகமும் காலும் வீங்கி, மூச்சு இரைத்தது. இன்றும் தவறினால் ஆள் தங்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏட்டி, அவன் இருந்தான்னா திரும்பிருவோம். ஒனக்கு ஒண்ணு ஆயிரக் கூடாது," என்றார் அவர்.

"நீங்க சும்மா வாங்க. செத்தாலும் ஆஸ்பத்திரியிலதான் சாவணும், இங்கன இல்ல."

பாதி இறங்கியிருப்பார்கள். முதல் மாடித் திருப்பத்தில் நின்றான் கார்த்திகேசன். கையில் அரிவாள்.

"கேஸ வாபஸ் வாங்குதேன்னு சொல்லு. இல்லன்னா ஒம் புருசன் இந்தப் படியிலயே கெடந்து சாவட்டும்."

"அண்ணாச்சி, தள்ளுங்க, மூச்சு வாங்குது அவருக்கு," என்றார் ஃபர்ஹத்.

சொல்லி முடிக்கவில்லை, அரிவாள் அவர் தோளில் இறங்கியது. கை தானாக விட்டுப்போனது. நாற்காலி முன்பக்கம் சரிந்து கீழே பாய்ந்தது. இடுப்புக் கயிறு மரியம்மாளை இழுத்தது. அப்படியே படியில் உட்கார்ந்து, கைப்பிடிக் கம்பியில் இரண்டு காலையும் உதைத்துக்கொண்டாள். கயிறு சதையை அறுத்தது. முடிச்சு நின்றது. நாற்காலி படிக்கட்டின் சரிவில் தொங்க, பர்னபாஸ் அதில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

பின்னாலிருந்த தஸ்மியா பையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். தட்டும் கரண்டியுமாக வெளியே வந்து அடித்தாள். தட்டு நெளிகிற அடி.

இந்தத் தடவை கதவுகள் திறந்தன. அன்று சாத்தியவர்களுக்கு மரியம்மாளின் பல் போன வாயைத் தினமும் பார்க்க வேண்டியிருந்தது. பார்க்கப் பார்க்க வெட்கம் பிடுங்கித் தின்றிருந்தது. இப்போது படியில் ரத்தம் வேறு. கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்: குக்கர், கட்டில் சட்டம், விறகுக் கட்டை. முதல் அடியில் அரிவாள் பறந்தது. இரண்டாவது அடி முழங்காலில். அவன் உருண்டு அடுத்த திருப்பத்தில் போய் மல்லாந்து விழுந்தான். எலும்பு முறிந்த சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. அதற்கப்புறமும் விடவில்லை, நெஞ்சிலும் வாயிலும் மிதித்தார்கள்.

மேலே உட்கார்ந்து மரியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். இரக்கம் வரவில்லை. மிதிக்கட்டும், இன்னும் நாலு மிதி மிதிக்கட்டும் என்றுதான் இருந்தது. அப்போது பர்னபாஸுக்கு மூச்சு விக்கியது.

"நிறுத்துங்க," என்றாள். "அவனக் கொல்லுததுன்னா அப்புறமாக் கொல்லுங்க. இப்பம் வழிய விடுங்க. ஆஸ்பத்திரில எங்க முறை போயிரும்."

கூட்டம் விலகியது. ஒருவன் ஃபர்ஹத்தின் இடத்தில் நாற்காலியைப் பிடித்தான். தோளில் துண்டை அழுத்திக்கொண்டு ஃபர்ஹத்தும் இறங்கினார். ஆட்டோவை ஓட்ட இன்னொருத்தர் முன்வந்தார்.

கார்த்திகேசன் திருப்பத்தை அடைத்துக் கிடந்தான். வாயெல்லாம் ரத்தம்.

"அக்கா, என்ன முதல்ல தூக்குங்க. கால் போச்சு," என்றான்.

ஸ்ட்ரெச்சர் அந்தத் திருப்பத்தில் வளையாது. அவனையும் நாற்காலியில் வைத்துத்தான் இறக்க வேண்டும். பிளாக்கில் கயிறு கட்டிய நாற்காலி இருந்ததோ ஒன்றே ஒன்று.

மரியம்மாள் அவனுக்கு நேர் மேலே நின்றாள். இடுப்பில் கயிறு அறுத்த இடத்தில் சேலை நனைந்து ஒட்டியிருந்தது.

"எம் புருசன் முதல்ல," என்றாள். "கால மடக்குலே."

கார்த்திகேசன் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். முறிந்த காலை இரண்டு கையாலும் தூக்கி, ஊளையிட்டுக்கொண்டே, சுவரோரமாக இழுத்து வைத்தான்.

நாற்காலி தட்டாமல் போனது. பர்னபாஸையும் ஃபர்ஹத்தையும் ஆட்டோவில் ஏற்றி, தஸ்மியாவைத் துணைக்கு அனுப்பிவிட்டு, மரியம்மாள் காலி நாற்காலியோடு திரும்பப் படியேறினாள்.

"கேஸ வாபஸ் வாங்கிருவியளா அக்கா?" என்றான் அவன்.

"கேஸ் நடக்கட்டும். பேசாம நாற்காலியில உக்காரு," என்று சொல்லி, கயிற்றை மறுபடியும் தன் இடுப்பில் கட்டினாள்.