பின்சீட்டுப் பட்டு மூட்டை

எங்கள் கார் பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். சென்னையில் ஒரு டாக்டர் பல வருஷம் ஓட்டி அலுத்துப்போய் விற்றதை என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கினார். வாங்கியவருக்கு ஓட்டத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே ஒரு கண் மங்கல், லைசென்சே எடுக்கவில்லை. ஓட்டுவது நான். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஓட்டச் சொல்லித்தருவது அவர். இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்ல?

"மெதுவா மிதிமா. பாரு, பச்சை லைட்டு பூட்ச்சி."

"நீங்களே வந்து மிதிங்களேன்."

"பேசிக்கினே மிதிக்காத. ரோட்டப் பாரு."

பச்சை விளக்கு எரிந்தால் எஞ்சின் நின்றுவிட்டது, வண்டி வெறும் பேட்டரியில் போகிறது என்று அர்த்தம். அந்த விளக்கு எரியும்வரை அவர் மூச்சுக்கூட மெதுவாகத்தான் விடுவார். அணைந்தால் நான் ஏதோ பால் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்ட மாதிரி உச்சுக் கொட்டுவார். லிட்டருக்கு இருபத்தைந்து வர வேண்டும் என்பது அவருடைய கனவு. எங்கள் வீட்டில் மகன் வாங்கிய மார்க்கைவிட அதிகமாகப் பேசப்பட்ட எண் அதுதான்.

சாயம் போட்ட பட்டு நூலை முசரவாக்கத்தில் நெய்கிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது, நெய்து முடித்த புடவையை வாங்கிவந்து காஞ்சிபுரத்துக் கடைகளில் போடுவது எங்கள் தொழில். வீட்டிலும் தறி உண்டு. தறி ஓடும் வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேசுவது என்றால் கத்துவதுதான். "சோறு ஆச்சா" என்பதையே மூன்று தரம் கேட்க வேண்டும். அதனால் நாங்கள் இரண்டு பேரும் உருப்படியாகப் பேசிக்கொண்டது, சண்டை போட்டது, சமாதானம் ஆனது எல்லாமே அந்த வண்டிக்குள்தான். எஞ்சின் நின்றுபோன நேரத்தில் அவர் குரல் எவ்வளவு சன்னமானது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

சீட் பெல்ட் மட்டும் போட மாட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை கசங்கிவிடுமாம். வண்டி டிங் டிங் என்று கத்தும். நான் "ஏங்க, பெல்ட்டு" என்பேன். மறுபடியும் "ஏங்க" என்பேன். என் வாயில் "ஏங்க" போய் "யோவ்" வந்த பிறகுதான் கையைத் தூக்கிப் பெல்ட்டை இழுப்பார்.

வண்டி பழசாக ஆக மைலேஜ் குறைய ஆரம்பித்தது. மனுஷன் சும்மா இருப்பாரா? எடை குறையட்டும் என்று ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்தார். வாலாஜாபாத் சாலையில் பஞ்சர் ஆகி வெயிலில் நின்றோம். டயரில் கல் மாதிரி காற்று அடித்தார். என் இடுப்பு போனதுதான் மிச்சம். வண்டியின் முன்பக்க ஓட்டைகளை அடைத்தால் எதிர்காற்று உள்ளே புகாது என்று எங்கேயோ பார்த்துவிட்டு, தறியில் டிசைன் போடுகிற பழைய அட்டைகளை வரிசையாகக் கட்டினார்.

"அந்த அட்டை பூரா ஓட்டையாச்சே. காத்து எப்டி நிக்கும்?" என்றேன்.

"சின்ன ஓட்டைதானேம்மா," என்றார்.

ஒரே மழையில் அட்டை கூழாகிவிட்டது. நான் சிரித்த சிரிப்பில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இத்தனை செய்தும் மைலேஜ் இறங்கிக்கொண்டேதான் போனது. "எங்கியோ ஒண்ணு விட்டுப்போச்சி. என்னான்னு தெரியல," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன். அன்றைக்கு மட்டும் அவர் மெதுவா மிதி என்று சொல்லவில்லை. திரும்பி வரும்போது நான் தனியாக வந்தேன்.

தொழிலை விடவில்லை. வீட்டில் தறி ஓடுகிறது, ஆட்கள் வருகிறார்கள் போகிறார்கள், அந்தச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. வண்டியில் ஏறி, பச்சை விளக்கு எரிந்து, எஞ்சின் நிற்கும்போதுதான் அவர் இல்லாதது தெரியும். அப்பா, என்ன ஒரு அமைதி! சிக்னலில் நிற்கும்போது இடது பக்கம் திரும்பக் கூடாது என்று கழுத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்படி ஒருநாள் வரும்போது மீட்டரில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. வண்டி இழுக்கவில்லை. ஊர் மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"அந்த ஆரஞ்சு ஒயரையெல்லாம் நான் தொட மாட்டன்மா. கரண்டு ஆளையே தூக்கிடும். எனக்குத் தெரிஞ்சு பேட்டரி செத்துக்கினு இருக்குது."

வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் சொன்னேன். அவன் நல்ல பிள்ளைதான், ஆனால் எதையும் இரண்டே வரியில் முடித்துவிடுவான். "மா, ஆற வெச்சு எடு. இன்னொரு வாட்டி அந்த லைட்டு எரிஞ்சா வித்துடலாம். நடுரோட்டுல நீ தனியா நிக்கறது எனக்கு வேணாம்." அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால், வண்டியும் போய்விட்டால் நான் அவரோடு சண்டை போட இடமே இருக்காது.

வண்டி ஆறியதும் சிவப்பு விளக்கு அணைந்து கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து அவர் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். டயர் காற்றைச் சரியான அளவுக்கு வைத்தேன். பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, நான்கு சக்கரத்தையும் கழற்றிச் சுத்தம் செய்ய வைத்தேன். எஞ்சினுக்குக் காற்று போகிற ஃபில்டரை மாற்றினேன். ஏறி உட்கார்ந்து, முட்டைமேல் கால் வைத்ததுபோல மிதித்தேன். ம்ஹூம், எண் அசையவில்லை. "எங்கியோ ஒண்ணு விட்டுப்போச்சி" என்று நானே வாய்விட்டுச் சொன்னேன்.

விட்டுப்போனது என்னவென்று ஒரு புடவை மூட்டைதான் காட்டிக்கொடுத்தது. எங்கள் ஊரில் பட்டு மூட்டையை யாரும் டிக்கியில் போட மாட்டார்கள். ஜாக்கியும் அழுக்குத் துணியும் செருப்பும் கிடக்கிற இடத்தில் முகூர்த்தப் புடவையை வைப்பதா? வெள்ளைத் துணியில் கட்டி, பின்சீட்டில் உட்கார வைப்போம். வளைவில் உருளாமல் இருக்க, சீட்டின் வலது ஓரத்தில் பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து நெருக்கி வைப்பார் என் வீட்டுக்காரர். நானும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வாசலில் வண்டியை அணைக்காமலே மூட்டையை இழுத்தேன். வரவில்லை. துணியின் ஓரத்தை அந்தப் பிளாஸ்டிக் கவ்விக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் அங்கே சின்னச் சின்னப் பிளவுகள். கையை வைத்தேன். உள்ளங்கையை உள்ளுக்கு இழுத்தது. ஐயோ, இது மூச்சு விடுகிற இடமாச்சே! பேட்டரி பின்சீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதைக் குளிர வைக்கிற காற்று இந்த வழியாகத்தான் போகிறது. அந்த வாயில்தான் இத்தனை வருஷமாகப் பட்டு மூட்டையை வைத்து அடைத்திருக்கிறோம்.

வண்டியை அணைத்துவிட்டு, ஆரஞ்சு ஒயர் பக்கமே போகாமல், பிளாஸ்டிக் மூடியை மட்டும் நெம்பி எடுத்தேன். உள்ளே இருந்த வலையில் பட்டுப் பிசிறு மெத்தை மாதிரி அடைத்துக் கிடந்தது. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்துப் பச்சை என்று நாங்கள் ஏற்றி இறக்கிய நூலெல்லாம் அங்கே கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். பேட்டரி புழுங்கிச் சாகாமல் என்ன செய்யும்? அட்டை கட்டினாரே, ஸ்டெப்னியைக் கழற்றினாரே, இதை ஒரு தரம் தொட்டுப் பார்த்திருக்கக் கூடாதா அந்த மனுஷன்?

மறுநாள் காலை, நெய்து வைத்திருந்த புடவைகளை வாங்கிவர முசரவாக்கம் புறப்பட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டி கையைவிட்டுப் போய்விடும். கண் ரோட்டில் பாதி, மீட்டரில் பாதி. பச்சை விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. பேட்டரி இப்படி இழுத்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று. ஊருக்குள் நுழையும்போது மீட்டர் இருபத்தைந்தைக் காட்டியது. சிவப்பு முக்கோணத்தைக் காணோம்.

"பாத்தீங்களா?" என்று இடது பக்கம் திரும்பிவிட்டேன். காலி சீட்டில் வெயில் விழுந்திருந்தது. அவர் இருந்திருந்தால் இருபத்தைந்து வந்திருக்காது, ஓர் ஆள் எடையும் குறைந்ததால்தான் வந்தது என்று அப்போது தோன்றியது. வண்டியை நிறுத்தி அழுதேன். நெய்கிறவர் வீட்டம்மா வெளியே வந்து, "இன்னாக்கா, கண்ணு செவந்துக்கினு இருக்குது?" என்றாள். தூசி என்றேன்.

புடவை மூட்டையோடு வாசலில் நின்றேன். பின்சீட்டில் வைத்தால் உருண்டு மறுபடியும் அந்த வாயை அடைக்கும். டிக்கியில் போட மனசு வராது. முன்சீட்டில், அவர் இடத்தில் உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கொஞ்சம் வேகம் எடுத்ததும் டிங் டிங் என்றது. மூட்டையின் எடைக்கு, ஆள் உட்கார்ந்திருக்கிறது என்று வண்டி நினைத்துக்கொண்டது. பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டால் சத்தம் நின்றுவிடும். நான் மாட்டவில்லை.

"ஏங்க, பெல்ட்டு," என்றேன். டிங் டிங். "ஏங்க, காதுல விழுதா இல்லியா?" டிங் டிங். "யோவ், எத்தினி வாட்டிய்யா சொல்றது!"

கொஞ்ச தூரத்தில் சத்தம் தானாகவே அடங்கிவிட்டது. அதற்கு அவ்வளவுதான் பொறுமை. எஞ்சினும் ஓடவில்லை. வண்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை.

ஓரங்கட்டினேன். அணைத்தேன். மறுபடியும் எடுத்து, காலை அழுத்தி மிதித்தேன். பச்சை விளக்கு போய் எஞ்சின் உறுமியது. மைலேஜ் போனால் போகட்டும். டிங் டிங் என்று மறுபடியும் ஆரம்பித்தது. வீடு வந்து சேரும்வரை அப்படி நிறுத்தி நிறுத்தித்தான் வந்தேன்.